இரவு இருமலும் ஒரு பெருக்கல் கணக்கும்

கும்பகோணத்தில் ஓர் இளைஞன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வயது 18. பாலிடெக்னிக்கில் படிக்கிறான். இரண்டு மாதங்களாக அவனுக்கு இருமல். பகலில் அவ்வளவு தொல்லை இல்லை. இரவு ஒரு மணிக்கு மேல்தான் தொடங்கும். தொடங்கிவிட்டால் எழுந்து உட்கார்ந்து, சுவரில் சாய்ந்துகொண்டு, மூச்சு வாங்க வாங்க இருமுவான். நெஞ்சில் விசில் ஊதுவது போன்ற சத்தம் கேட்கும். சில நாட்களில் மாலையில் உடம்பு இலேசாகச் சுடும். எடையும் நான்கு கிலோ குறைந்துவிட்டது.

பக்கத்து வீட்டார் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொள்கிறார்கள். 'காசநோயாக இருக்குமோ?' என்று அம்மாவுக்குப் பயம். அந்தப் பயத்தில் தவறில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைச் சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அந்தச் சோதனை இலவசம்.

மருத்துவர் சளியைச் சோதிக்கச் சொல்கிறார். காசநோய்க் கிருமி இல்லை. மறுபடி சோதித்தும் இல்லை. எக்ஸ்-ரே படத்தில் இரண்டு நுரையீரல்களிலும் தினையை அள்ளித் தெளித்தாற்போலச் சிறுசிறு புள்ளிகள் தெரிகின்றன. காசநோயின் ஒரு வகையிலும் இப்படிப் புள்ளிகள் தெரிவதுண்டு. ஆகவே குழப்பம் தீரவில்லை.

அப்போது இரத்தப் பரிசோதனைத் தாள் வந்து சேருகிறது. மருத்துவர் அதைப் பார்க்கிறார். மேசைமேல் கிடந்த காகிதத்தில் ஒரு சிறு பெருக்கல் கணக்குப் போடுகிறார். பிறகு, "தம்பி, உங்கள் தெருவில் கொசு அதிகமோ?" என்று கேட்கிறார்!

இருமலுக்கும் கொசுவுக்கும் என்ன தொடர்பு? மருத்துவர் போட்ட கணக்குதான் என்ன? அந்தத் தாளை நாமும் படிக்கக் கற்றுக்கொள்வோமா?

தாளில் என்ன இருந்தது?

அதில் இப்படி எழுதியிருந்தது:

மொத்த வெள்ளணுக்கள்: ஒரு கன மில்லிமீட்டரில் 24,000
நியூட்ரோபில்: 28 விழுக்காடு
லிம்போசைட்: 10 விழுக்காடு
மோனோசைட்: 2 விழுக்காடு
ஈசினோபில்: 60 விழுக்காடு
பேசோபில்: 0

ஒரு கன மில்லிமீட்டர் என்பது குண்டூசியின் தலையளவுள்ள ஒரு சிறு துளி. அந்தத் துளிக்குள் ஏறத்தாழ 50 இலட்சம் சிவப்பணுக்கள் இருக்கின்றன. வெள்ளணுக்களோ 4,000 முதல் 11,000 வரையே இருக்கும். அதாவது, சுமார் எழுநூறு சிவப்பணுக்களுக்கு ஒரு வெள்ளணு என்ற விகிதம். ஆயினும் நோயை எதிர்த்துப் போராடும் படை இந்தச் சிறுபான்மையினர்தாம்.

இந்தப் படையில் ஐந்து பிரிவுகள் உண்டு. பாக்டீரியாக்களை விழுங்கி அழிப்பதில் முன்னிற்பவை நியூட்ரோபில்கள். வெள்ளணுக்களில் 40 முதல் 75 விழுக்காடு வரை இவையே. வைரசுகளை எதிர்ப்பதிலும், எதிர்ப்பொருள் உண்டாக்குவதிலும், ஒருமுறை வந்த பகைவனை நினைவில் வைத்திருப்பதிலும் வல்லவை லிம்போசைட்டுகள். இவை 20 முதல் 45 விழுக்காடு. அளவில் பெரியவையான மோனோசைட்டுகள் குப்பைகூட்டும் வேலையையும் சேர்த்துச் செய்கின்றன. ஈசினோபில்கள் வழக்கமாக 1 முதல் 6 விழுக்காடு. பேசோபில்கள் ஒரு விழுக்காடுகூடத் தேறா.

நம் இளைஞனின் தாளை மறுபடியும் பாருங்கள். நூற்றுக்கு ஆறுக்குமேல் இருக்கக் கூடாத ஈசினோபில், அறுபது இருக்கிறது!

எப்படி எண்ணுகிறார்கள்?

கண்ணுக்குத் தெரியாத அணுக்களை எண்ணுவது எப்படி? இப்போது பெரிய ஆய்வுக்கூடங்களில் இதைக் கருவிகள் ஒரு நிமிடத்தில் செய்துவிடுகின்றன. ஆனால் கையால் எண்ணும் பழைய முறையைத் தெரிந்துகொண்டால்தான் எண்களின் பொருள் விளங்கும்.

முதலில் மொத்த எண்ணிக்கை. இரத்தத்தை ஒரு நீர்மத்துடன் கலந்து இருபது மடங்கு நீர்க்கச் செய்வார்கள். அந்த நீர்மத்தில் உள்ள நீர்த்த அசிட்டிக் அமிலம் சிவப்பணுக்களை உடைத்துவிடும். வெள்ளணுக்கள் மட்டும் எஞ்சும். ஊதா நிறச் சாயம் அவற்றின் உட்கருவைப் பளிச்சென்று காட்டும்.

இந்தக் கலவையில் சிறிதளவைக் கட்டம் போட்ட ஒரு கண்ணாடித் தகட்டில் விடுவார்கள். ஒவ்வொரு பெரிய கட்டமும் ஒரு மில்லிமீட்டர் நீளம், ஒரு மில்லிமீட்டர் அகலம். ஆழம் 0.1 மில்லிமீட்டர். நான்கு மூலைக் கட்டங்களில் உள்ள வெள்ளணுக்களை மைக்ராஸ்கோப்பின் வழியே எண்ணுவார்கள். நான்கு கட்டங்களின் கனஅளவு 0.4 கன மில்லிமீட்டர். நீர்த்தது இருபது மடங்கு. ஆகவே எண்ணிக் கிடைத்ததை 20-ஆல் பெருக்கி 0.4-ஆல் வகுக்க வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், 50-ஆல் பெருக்கினால் போதும். 160 அணுக்கள் தென்பட்டால் 8,000. நம் இளைஞனின் இரத்தத்தில் 480 தென்பட்டன. 480 × 50 = 24,000.

அடுத்தது வகைப்படுத்தல். ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிய படலமாக இழுத்து, உலரவைத்து, சாயம் ஏற்றுவார்கள். பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்த்து, கண்ணில் படும் வெள்ளணுக்களில் நூறை வகைப்படுத்துவார்கள். 'நியூட்ரோபில், நியூட்ரோபில், லிம்போசைட், ஈசினோபில்...' என்று கணக்கு வைத்துக்கொண்டே போவார்கள். நூறு முடிந்ததும் கிடைப்பதுதான் விழுக்காடு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நூறே நூறு அணுக்களைத்தான் பார்க்கிறோம். ஒரு கூடை நிறைய வெள்ளை மணிகளும், அவற்றின் நடுவே நூற்றுக்கு ஆறு வீதம் சிவப்பு மணிகளும் கலந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு நூறு மணிகளை எடுத்தால் சிவப்பு சரியாக ஆறுதான் வருமா? ஒருமுறை நான்கு வரலாம். இன்னொரு முறை எட்டு வரலாம். இரத்தத்திலும் அப்படியே. எனவே, 'போன மாதம் ஐந்து, இந்த மாதம் எட்டு, அடடா ஏறிவிட்டதே!' என்று பதறுவதில் பொருளில்லை. ஆனால் அறுபது என்பது தற்செயலாக வரும் எண் அன்று.

விழுக்காடு செய்யும் வேடிக்கை

இப்போது ஒரு கேள்வி. நம் இளைஞனுக்கு நியூட்ரோபில் 28 விழுக்காடுதான். வழக்கமான அளவு 40-க்குமேல். லிம்போசைட்டும் 20-க்குப் பதில் 10-தான். அப்படியானால் பாக்டீரியாவை எதிர்க்கும் படையும் வைரசை எதிர்க்கும் படையும் குறைந்துபோய்விட்டனவா?

விழுக்காட்டை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். மருத்துவர் போட்ட கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

நியூட்ரோபில்: 24,000 × 28 ÷ 100 = 6,720
லிம்போசைட்: 24,000 × 10 ÷ 100 = 2,400
மோனோசைட்: 24,000 × 2 ÷ 100 = 480
ஈசினோபில்: 24,000 × 60 ÷ 100 = 14,400

ஒரு கன மில்லிமீட்டரில் 6,720 நியூட்ரோபில்கள் இருப்பது முற்றிலும் இயல்பான அளவு. 2,400 லிம்போசைட்டுகளும் இயல்பே. எந்தப் படையும் குறையவில்லை! ஈசினோபில்கள் மட்டும் பெருகிவிட்டதால் மற்றவற்றின் பங்கு சிறுத்துத் தெரிகிறது. உங்கள் வகுப்பில் இருபது மாணவர்களும் இருபது மாணவிகளும் இருக்கிறீர்கள். புதிதாக அறுபது மாணவர்கள் வந்து சேருகிறார்கள். மாணவிகளின் விழுக்காடு ஐம்பதிலிருந்து இருபதாக இறங்கிவிடும். ஆனால் ஒரு மாணவிகூட வகுப்பை விட்டுப் போகவில்லையே!

ஆகவே விழுக்காட்டை எப்போதும் மொத்தத்தோடு பெருக்கிப் பார்க்க வேண்டும். அவ்வாறு கிடைப்பதே உண்மையான எண்ணிக்கை. ஈசினோபில்களின் உண்மையான எண்ணிக்கை 500-க்குள் இருப்பது வழக்கம். இங்கே இருப்பது 14,400.

விடியலின் பெயர் கொண்ட அணு

சிவப்பு மையில் கலக்கப்படும் சாயம் ஒன்று உண்டு. அதன் பெயர் ஈயோசின். கிரேக்க மொழியில் 'ஈயோஸ்' என்றால் விடியல். விடியற்காலை வானத்தின் செம்மையை நினைவூட்டும் நிறம் என்பதால் இந்தப் பெயர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. 1879-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் பால் எர்லிக், இரத்த அணுக்களுக்குப் பலவகைச் சாயங்களை ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். சில வெள்ளணுக்களின் உள்ளே இருந்த மணிகள் ஈயோசினை ஆவலோடு உறிஞ்சிச் செக்கச் செவேலென்று மின்னின. அந்த அணுக்களுக்கு 'ஈயோசினை விரும்புவன' என்ற பொருளில் ஈசினோபில் என்று பெயர் வைத்தார்.

அந்தச் சிவந்த மணிகள் அழகுக்காக இருப்பவை அல்ல. அவற்றுக்குள் கடுமையான புரதங்கள் இருக்கின்றன. ஒரு புழு உடம்புக்குள் நுழைந்துவிட்டால், அதை விழுங்க எந்த வெள்ளணுவாலும் முடியாது. எறும்பு யானையை விழுங்க முடியுமா? எனவே ஈசினோபில்கள் கூட்டமாகச் சென்று புழுவின்மேல் ஒட்டிக்கொண்டு, தம் மணிகளில் உள்ள புரதத்தை அதன்மேல் கொட்டுகின்றன. புழுவின் தோல் அரிக்கப்படுகிறது.

இதில் ஒரு தொல்லையும் உண்டு. அந்தப் புரதத்துக்குப் புழு எது, நம் திசு எது என்று வேறுபாடு தெரியாது. போர் நடக்கும் இடத்தில் நம் சொந்தத் திசுவும் புண்படும். போர் நுரையீரலில் நடந்தால்? இருமலும் இழுப்பும் வரும்!

இருமல் ஒன்று, கணக்கு வேறு

இருமலோடு வரும் எல்லாருக்கும் இரத்தம் ஒரே சேதியைச் சொல்வதில்லை. சில எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

பாக்டீரியாவால் உண்டாகும் நிமோனியாவில் மொத்த வெள்ளணுக்கள் 18,000 என்று ஏறலாம். அவற்றில் 86 விழுக்காடு நியூட்ரோபில்கள் என்றால், அவை மட்டுமே 15,480. இங்கே ஈசினோபில்கள் மிகக் குறைந்துவிடுவது வழக்கம்.

கக்குவான் இருமலில் குழந்தைகளுக்கு லிம்போசைட்டுகள் பெருகிவிடும். இந்நோயை உண்டாக்குவது பாக்டீரியாதான். அப்படியானால் நியூட்ரோபில்கள் அல்லவா ஏற வேண்டும்? அந்தக் கிருமி வெளியிடும் நச்சுப்பொருள், லிம்போசைட்டுகளை இரத்தத்திலிருந்து நிணநீர்க் கணுக்களுக்குத் திரும்பிப் போகவிடாமல் தடுத்துவிடுகிறது. பேருந்துகள் நிலையத்துக்குள் போக முடியாவிட்டால் சாலையில் நெரிசல் உண்டாகிறதல்லவா? அதே கதைதான்.

ஆஸ்துமாவில் ஈசினோபில்கள் சற்றே கூடலாம். மொத்தம் 9,000, ஈசினோபில் 9 விழுக்காடு என்றால் எண்ணிக்கை 810. கூடுதல்தான், ஆனால் 14,400-க்கு வெகுதூரம்.

காசநோயில் இரத்த எண்ணிக்கை பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. மொத்தமும் விழுக்காடும் இயல்பாகவே இருக்கக்கூடும். எனவேதான் சளியில் கிருமியைத் தேடுவது கட்டாயம் ஆகிறது. இரத்தம் நன்றாயிருக்கிறது என்பதால் காசநோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

மதனப்பள்ளியில் ஒரு புதிர்

இனி நம் இளைஞனின் நோய்க்கு வருவோம். அதற்கு எண்பது ஆண்டுகளுக்குமேல் பின்னோக்கிப் போக வேண்டும்.

அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளி இன்று ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. அதன் அருகே ஆரோக்கியவரம் என்ற இடத்தில் ஒரு காசநோய் மருத்துவமனை இயங்கிவந்தது. டென்மார்க் நாட்டு மருத்துவரான ஃபிரிமோட் மோலர் அதை நடத்திவந்தார். காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து எதுவும் அப்போது கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதே 1943-இல்தான். நல்ல காற்று, நல்ல உணவு, முழு ஓய்வு ஆகியவையே மருத்துவம். காசநோய் என்று சொல்லிவிட்டால் வீட்டையும் வேலையையும் விட்டு மாதக்கணக்கில் அங்கே படுத்திருக்க வேண்டும்.

காசநோய் என்று கருதப்பட்டவர்களுள் சிலரிடம் ஒரு விந்தை தென்பட்டது. இருமல் இருந்தது, எக்ஸ்-ரேயில் புள்ளிகள் இருந்தன, சளியில் கிருமி மட்டும் இல்லை. இரத்தத்தைப் பார்த்தால் ஈசினோபில்கள் மிதமிஞ்சிக் கிடந்தன. ஃபிரிமோட் மோலரும் பார்ட்டன் என்ற மருத்துவரும் 1940-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 'காசநோய் போலத் தோன்றும். காசநோய் அன்று' என்பதே அவர்கள் சொன்னதன் சாரம். இரத்தத்தை எண்ணிப் பார்த்திராவிட்டால் அந்த நோயாளிகளும் காசநோயாளிகளாகவே கணக்கில் சேர்ந்திருப்பார்கள்.

1943-இல் வைன்கார்ட்டன் என்ற மருத்துவர் இந்நோயை விரிவாக விளக்கி, வெப்ப மண்டல ஈசினோபிலியா என்று பெயரிட்டார். வேறொரு நோய்க்காகக் கொடுக்கும் ஆர்சனிக் கலந்த ஊசி மருந்து இந்த இருமலையும் நிறுத்துவதை அவர் கண்டார். ஆனால் ஆர்சனிக் நஞ்சாயிற்றே! மேலும், நோய்க்குக் காரணம் எது என்பது அப்போதும் தெரியவில்லை.

வேலூரில் கிடைத்த விடை

1958-இல் சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் டி. ஜே. தனராஜ், டைஎத்தில்கார்பமசின் என்ற மாத்திரை இந்நோயைக் குணப்படுத்துவதைத் தெரிவித்தார். அது யானைக்கால் நோய்ப் புழுக்களுக்கான மருந்து! யானைக்கால் மருந்து இருமலைத் தீர்க்கிறது என்றால், இருமலுக்குக் காரணம் அந்தப் புழுவாகத்தானே இருக்க வேண்டும்?

ஆனால் இந்நோயாளிகளின் இரத்தத்தில் எத்தனை முறை தேடினாலும் புழுக்குஞ்சுகள் அகப்படவில்லை. நடு இரவில் இரத்தம் எடுத்துப் பார்த்தும் பயனில்லை. அவை எங்கே ஒளிந்திருக்கின்றன?

விடை 1960-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்தது. வெப், ஜாப், கால்ட் ஆகிய மூவரும் நோயாளிகளின் நுரையீரல், கல்லீரல், நிணநீர்க் கணு ஆகியவற்றிலிருந்து எடுத்த சிறு துண்டுகளை மைக்ராஸ்கோப்பில் ஆராய்ந்தார்கள். புழுக்குஞ்சுகள் அங்கே இருந்தன!

நடப்பது இதுதான். சாக்கடையிலும் தேங்கிய அழுக்கு நீரிலும் பெருகும் கியூலெக்ஸ் கொசு கடிக்கும்போது யானைக்கால் புழுவின் இளம்பருவம் உடம்புக்குள் நுழைகிறது. அது நிணநீர்க் குழாயில் தங்கி, நூல் போன்ற பெரிய புழுவாக வளர்கிறது. பெண்புழு எண்ணற்ற குஞ்சுகளை ஈனுகிறது. ஒரு குஞ்சின் நீளம் கால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். பெரும்பாலோரின் உடம்பில் இவை பகலில் நுரையீரலின் இரத்தக் குழாய்களில் தங்கிவிட்டு, இரவில் தோலுக்கு அருகே உள்ள குழாய்களுக்கு வருகின்றன. இரவில் கடிக்கும் கொசு அவற்றை உறிஞ்சிக்கொண்டு போகிறது.

மிகச் சிலரின் உடம்பு மட்டும் இந்தக் குஞ்சுகளை அளவுகடந்து வெறுக்கிறது. நுரையீரலின் நுண்குழாய்களிலேயே அவற்றைச் சிறைப்படுத்தி அழிக்கிறது. அதற்காக ஈசினோபில்கள் ஆயிரம் ஆயிரமாகத் திரள்கின்றன. குஞ்சுகள் இரத்தத்தில் உலவ முடிவதில்லை. ஆகவே இரத்தச் சோதனையில் அகப்படுவதும் இல்லை. போர்க்களமோ நுரையீரல். எக்ஸ்-ரேயில் தினையாகத் தெரிந்த புள்ளிகள் அந்தப் போரின் தடயங்களே.

மருத்துவர் தெருக் கொசுவைப் பற்றி ஏன் கேட்டார் என்பது இப்போது விளங்குகிறதல்லவா? யானைக்கால் நோய் நெடுங்காலமாக இருந்துவந்த ஊர்களுள் கும்பகோணமும் ஒன்று.

சென்னையில் படித்தவர் தந்த மருந்து

அந்த மாத்திரைக்கும் ஒரு கதை உண்டு. எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆந்திரத்துப் பீமவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். 1923-இல் அமெரிக்கா சென்றார். பிற்காலத்தில் லெடர்லி என்ற மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவரானார். அவருடைய தலைமையில் இயங்கிய ஆய்வுக்கூடத்திலிருந்துதான் 1947-இல் டைஎத்தில்கார்பமசின் வெளிவந்தது. 'ஹெட்ரசான்' என்ற பெயரில் அது புகழ்பெற்றது. மறு ஆண்டே அவர் காலமானார். அந்த மருந்து இருமல் நோய் ஒன்றையும் தீர்க்கும் என்பது அறியப்படும்போது அவர் இல்லை.

நம் இளைஞனுக்கு மருத்துவர் யானைக்கால் புழுவுக்கான எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். மிக அதிகமாக இருந்தது. மலத்தையும் சோதித்து, குடற்புழுக்கள் இல்லை என்று உறுதிசெய்துகொண்டார். பிறகு மூன்று வாரங்களுக்கு மாத்திரை கொடுத்தார். முதல் வாரத்திலேயே இரவு இருமல் தணியத் தொடங்கியது. மூன்றாவது வாரத்தின் முடிவில் மறுபடி இரத்தத்தை எண்ணினார்கள். ஈசினோபில்கள் வெகுவாகக் குறைந்திருந்தன.

இந்த மருத்துவத்தைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? நுரையீரலில் நடக்கும் போர் ஓயாது. மாதங்கள் செல்லச் செல்ல, புண்பட்ட இடங்களில் நார்த்திசு வளர்ந்து நுரையீரல் விறைத்துப்போகும். அதன்பின் மாத்திரை கொடுத்தாலும் இழந்த மூச்சு முழுதாகத் திரும்பாது.

'ஈஸ்னோபீலியா' ஒரு நோயா?

'எனக்கு ஈஸ்னோபீலியா இருக்கிறது' என்று உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். உண்மையில் அது ஒரு நோயின் பெயர் அன்று. ஈசினோபில்கள் கூடியிருக்கின்றன என்பதையே அது குறிக்கிறது. 'காய்ச்சல்' என்பது போல அது ஓர் அடையாளம். காரணத்தை இனிமேல்தான் தேட வேண்டும்.

காரணங்கள் பல. ஆஸ்துமா, தோல் அரிப்பு போன்ற ஒவ்வாமைகளில் ஈசினோபில் கூடும். சில மருந்துகள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதபோதும் கூடும். குடற்புழுக்களாலும் கூடும். உருண்டைப் புழுவின் குஞ்சுகள் குடலைத் துளைத்து, இரத்தத்தின் வழியே நுரையீரலுக்குப் போய், மூச்சுக்குழாயில் ஏறித் தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டு மறுபடியும் குடலுக்கே வந்து சேருகின்றன! அந்தப் பயணத்தின்போது சில நாட்கள் இருமலும் வரும், ஈசினோபிலும் ஏறும். ஆனால் அது தானாகவே அடங்கிவிடும்.

எனவே எட்டு விழுக்காடு என்ற எண்ணைப் பார்த்ததும் கடைக்குப் போய் மாத்திரை வாங்கி விழுங்குவது தவறு. அறுபது விழுக்காட்டைப் பார்த்தும் 'சாதாரண இருமல்தான்' என்று பேசாமல் இருப்பதும் தவறு. நம் இளைஞனின் மருத்துவர் ஓர் எண்ணை மட்டும் பார்த்து முடிவுக்கு வரவில்லை. ஈசினோபில்களின் உண்மையான எண்ணிக்கை 3,000-க்குமேல் இருந்தது; இருமல் இரவில் வந்தது; ஊர் யானைக்கால் நோய் உள்ள ஊர்; சளியில் காசநோய்க் கிருமி இல்லை; எதிர்ப்பொருள் மிகுந்திருந்தது; மருந்துக்கு நோய் பணிந்தது. இத்தனையும் ஒன்றோடொன்று பொருந்திய பிறகே அவர் நோயின் பெயரை உறுதிப்படுத்தினார்.

யானைக்கால் நோயை ஒழிக்க, நோய் உள்ள மாவட்டங்களில் எல்லாருக்கும் மாத்திரை வழங்கும் திட்டம் 2004 முதல் இந்தியாவில் பெரிய அளவில் நடந்துவந்திருக்கிறது. இலங்கையில் இந்நோய் பொதுநலச் சிக்கலாக இல்லாத நிலையை எட்டிவிட்டதை உலகச் சுகாதார நிறுவனம் 2016-இல் உறுதிசெய்தது. புழு குறைந்தால் இந்த இரவு இருமலும் குறையும். ஆனால் உங்கள் தெருச் சாக்கடையில் தண்ணீர் தேங்கி நின்றால் கியூலெக்ஸ் கொசு அங்கே முட்டையிட்டுக்கொண்டுதான் இருக்கும்.

நீங்களே போட்டுப் பாருங்கள்

இரண்டு பேரின் தாள்கள் உங்கள் முன் இருக்கின்றன.

முதலாமவர்: மொத்த வெள்ளணுக்கள் 6,000, ஈசினோபில் 10 விழுக்காடு.
இரண்டாமவர்: மொத்த வெள்ளணுக்கள் 15,000, ஈசினோபில் 6 விழுக்காடு.

முதலாமவரின் தாளில் 10 என்ற எண்ணுக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள். இரண்டாமவரின் 6, வழக்கமான அளவுக்குள் இருப்பதால் அதில் கோடு இல்லை. இருவரில் யாருக்கு ஈசினோபில்கள் அதிகம்?

பெருக்கிப் பார்த்தால் முதலாமவருக்கு 600, இரண்டாமவருக்கு 900. கோடு போடாத தாளில்தான் ஈசினோபில்கள் அதிகம்! அடுத்த முறை வீட்டில் யாருக்காவது இரத்தப் பரிசோதனைத் தாள் வந்தால், மருத்துவரிடம் காட்டுவதற்கு முன்பு நீங்களும் ஒரு பென்சிலை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மருந்தை மட்டும் மருத்துவரிடமே விட்டுவிடுங்கள்.